மண்டையில் வயர் ஒட்டினால் மனசில் இருப்பது தெரியுமா? மூளை அலைச் சோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இ.இ.ஜி. டெக்னீஷியன். வீடு கம்பத்தில், வேலை மலைக்கு மேலே கேரளப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில். வலிப்பு, மயக்கம், தலையில் அடி என்று வருகிறவர்களுக்கு மண்டையில் வயர் ஒட்டி மூளை அலையைப் பதிவு செய்து கொடுப்பதுதான் வேலை. ஆனால் டிவியில் ஏதாவது கொலை வழக்கில் "பிரெய்ன் மேப்பிங்" என்று ஓடினாலோ, மேலே ஏதாவது ஒரு ஏலக்காய் ஸ்டோரில் மூட்டை காணாமல் போனாலோ, குமுளி ஜீப்பில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எல்லாரும் என்னைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன். நான் போலீசும் இல்லை, வக்கீலும் இல்லை. சட்டம் பற்றிய பகுதி தீர்ப்பைப் படித்து எழுதியது, உங்கள் வழக்குக்கு உங்கள் வக்கீல் சொல்வதைக் கேளுங்கள்.

அக்கா, தலையில வயர் வச்சா நான் என்ன நினைக்கிறேன்னு தெரிஞ்சிடுமா?

தெரியாது. நீங்கள் மகளின் ஃபீஸை நினைக்கிறீர்களா, மத்தியானச் சாப்பாட்டை நினைக்கிறீர்களா என்று என் திரையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. விழித்திருக்கிறீர்களா, தூங்குகிறீர்களா, கண் மூடியிருக்கிறதா, வலிப்புக்கான அறிகுறி இருக்கிறதா, இவைதான் தெரியும்.

அப்போ பொய் சொன்னா?

பொய்க்கென்று மூளையில் தனி அலை கிடையாது. இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். போலீஸ் வழக்குகளில் வைக்கிற மூளை அலைச் சோதனை தேடுவது பொய்யை அல்ல, அடையாளம் தெரிவதை. ஒரு பொருளைக் காட்டினால் "இதை எனக்குத் தெரியும்" என்று மூளை காட்டுகிற ஒரு சின்ன எதிர்வினை, அவ்வளவுதான். எப்படித் தெரியும், யார் சொல்லித் தெரியும், நீங்களே செய்ததால் தெரியுமா என்பதெல்லாம் அந்த அலையில் எழுதியிருக்காது.

எந்த அலை அது?

பேர் பி300. கம்பம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் "தேனி தேனி, போடி, குமுளி" என்று கத்திக்கொண்டே இருப்பார்கள், ஒன்றும் காதில் ஏறாது, ஆனால் நீங்கள் போகவேண்டிய ஊர் பேர் வந்ததும் தலை தானாகத் திரும்புகிறதே, அந்த மாதிரி ஒரு கணம் மூளையில் நடப்பதைத்தான் இது காட்டுகிறது. சம்பந்தமில்லாத பல விஷயங்களுக்கு நடுவே, நமக்கு அர்த்தமுள்ள ஒன்று எப்போதாவது வந்தால், அது வந்து சுமார் 300 மில்லிசெகண்டில் தொடங்கி, அதாவது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில், மின்னழுத்தம் கொஞ்சம் மேலே எழும்பும். சிக்கலான சொல், படம் என்றால் 500, 600 மில்லிசெகண்ட் வரைகூடத் தள்ளிப்போகும். உச்சந்தலைக்குக் கொஞ்சம் பின்னால், நாங்கள் பி-இசட் என்று சொல்கிற இடத்தில் நன்றாகத் தெரியும். 1965-இல் சாமுவேல் சட்டனும் அவருடைய சகாக்களும் இதைப் பதிவு செய்தார்கள். மனித மூளை அலையை முதன்முதலில் பதிவு செய்த ஹான்ஸ் பெர்கர் அதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே, 1924-இல், ஜெர்மனியில் அந்த வேலையைச் செய்துவிட்டார்.

இதில் தொழில்காரியாக நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இந்த அலை ரொம்பச் சின்னது. ஐந்து, பத்து மைக்ரோவோல்ட் என்ற அளவில்தான் இருக்கும். அதே நேரம் மூளையின் சாதாரண இரைச்சல் அதைவிடப் பல மடங்கு, ஒருதரம் கண் சிமிட்டினால் அதைவிடவும் பெரியது, பல்லைக் கடித்தால் திரை முழுக்கக் கருப்பாகிவிடும். ஆகவே ஒரே ஒருமுறை படத்தைக் காட்டி "பார், அலை எழும்பியது" என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே சொல்லைப் பலமுறை காட்டி, பதிவுகளை அடுக்கி, சராசரி எடுக்க வேண்டும். 25 முறை காட்டிச் சராசரி எடுத்தால் இரைச்சல் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும், அப்போதுதான் அந்தச் சின்ன மேடு தலை காட்டும். டிவியில் சிவப்பு விளக்கு எரிகிற மாதிரி காட்டுவதெல்லாம் டிவிக்காகத்தான்.

சோதனை எப்படி நடக்கும்? ஒரு உதாரணம் சொல்லுங்க.

ஒரு பேச்சுக்கு நெடுங்கண்டம் பக்கம் ஒரு ஸ்டோரில் இரவில் எட்டு எம்.எம். அளவு ஏலக்காய் நாலு மூட்டை திருட்டுப் போகிறது என்று வைப்போம். பூட்டை ஜீப் ஜாக்கியின் லிவரை வைத்து நெம்பியிருக்கிறான். இது முதலாளிக்கும் இன்ஸ்பெக்டருக்கும் மட்டும் தெரியும், வெளியில் சொல்லவில்லை. சந்தேகப்படுகிற ஆளை உட்கார வைத்து, திரையில் ஒவ்வொரு சொல்லாகக் காட்டுவார்கள்: கடப்பாரை, ஆக்சா பிளேடு, சுத்தியல், ஜாக்கி லிவர், வெட்டுக்கத்தி. திரும்ப கடப்பாரை, திரும்ப சுத்தியல். வரிசை மாறி மாறி வரும். ஒவ்வொன்றும் அரை நொடிக்கும் குறைவாகத் தோன்றி மறையும்.

திருட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கு ஐந்தும் ஒன்றுதான், எல்லாம் வெறும் இரும்பு. திருடியவனுக்கு மட்டும் ஜாக்கி லிவர் வரும்போது உள்ளே ஏதோ சுண்டும். வாய் திறக்க வேண்டாம், "இல்லை" என்ற பட்டனை அமுக்கினாலும் சரி, அலை எழும்பிவிடும் என்பதுதான் கணக்கு. ஆள் திரையைக் கவனிக்கிறாரா, சும்மா வெறிக்கிறாரா என்று பார்ப்பதற்காக நடுவில் வேறொரு சொல்லையும் வைத்து, "இது வந்தால் மட்டும் வேறு பட்டனை அமுக்கு" என்பார்கள்.

அப்புறம் அடுத்த விவரம்: மூட்டை எந்த நிறம். அடுத்தது: காயோடு வேறு என்ன எடுத்துப் போனான். இப்படி நாலு விவரம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து சொல் என்று வைத்தால், ஒன்றும் தெரியாத ஒருவருடைய மூளை தற்செயலாக நாலிலும் சரியான சொல்லுக்கே பெரிதாக எழும்ப வாய்ப்பு 625-இல் ஒன்று. இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர் டேவிட் லிக்கன், மினசோட்டாவில் உளவியலாளர், 1959-இல். அவர் அப்போது வைத்துப் பார்த்தது மூளை அலை அல்ல, உள்ளங்கை வியர்வை.

625-இல் ஒன்று என்பது நல்ல கணக்குதான். ஆனால் அது ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: நிரபராதிக்கு அந்த நாலு விவரமும் வேறு வழியில் தெரிந்திருக்கவே கூடாது. இங்கேதான் என் சந்தேகமெல்லாம், கீழே வருகிறேன்.

பாலிகிராப், நார்கோ, இது எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. பாலிகிராப்பில் மூச்சு, ரத்த அழுத்தம், நாடி, வியர்வை ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். 1921-இல் கலிபோர்னியாவில் பெர்க்லி போலீசில் இருந்த ஜான் லார்சன் அந்தக் கருவியை அமைத்தார். வழக்கமான பாலிகிராப்பில் "நீதான் எடுத்தாயா?" என்று நேராகக் கேட்டு, பதற்றத்தை அளப்பார்கள். போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்தாலே பதறுகிற ஆட்கள் நம்மில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

நார்கோ என்பது ஊசி. மயக்க மருந்தை அளவாக ஏற்றி, அரை மயக்கத்தில் பேச வைப்பது. கேரளத்தில் கன்னியாஸ்திரி அபயா கொலை வழக்கில் 2007-இல் பெங்களூரில் நடத்தியதும் அதுதான், அந்தக் காட்சிகள் அப்புறம் டிவியில் வந்ததால் இங்கே எல்லாருக்கும் அந்தப் பேர் தெரியும். மூளை அலைச் சோதனையில் ஊசி இல்லை, மருந்து இல்லை.

ஜப்பான் போலீஸ் ஒரு சுவாரஸ்யமான விதிவிலக்கு. அவர்கள் பாலிகிராப் கருவியையே வைத்துக்கொண்டு, கேள்வியை மட்டும் லிக்கன் முறையில், மேலே சொன்ன ஜாக்கி லிவர் மாதிரி, கேட்கிறார்கள். வருஷத்துக்குச் சுமார் 5,000 பேருக்கு நடக்கிறது. மூளை அலை அங்கே ஆராய்ச்சிக் கூடத்தோடு சரி.

எத்தனை சதவீதம் சரியா இருக்கும்?

யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் லாரன்ஸ் ஃபார்வெல், இமானுவேல் டான்சின் இருவரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேர். உளவாளி மாதிரி நடிக்க வைத்துச் சோதித்தார்கள். எட்டில் ஒரு பங்கு சோதனைகளில் முடிவு சொல்ல முடியவில்லை, மீதி எல்லாம் சரி. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ரோசன்ஃபெல்டின் குழு 2011-இல் வெளியிட்ட ஒன்றில், பொய்யான தாக்குதல் திட்டம் ஒன்றைத் தயாரித்த 12 மாணவர்களில் 12 பேரையும் கண்டுபிடித்தார்கள், ஒன்றும் அறியாதவர் யாரும் மாட்டவில்லை.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் இவையெல்லாம் கல்லூரி மாணவர்கள், நடிப்புக் குற்றம், அரை மணி நேரத்துக்கு முன்னால் மனப்பாடமாய்ப் பார்த்த விவரம். நிஜத் திருட்டில் இருட்டு, அவசரம், உள்ளே போனது ரம். மூட்டை நீலமா பச்சையா என்று திருடனே பார்த்திருக்க மாட்டான். மூளையில் பதியாத விவரத்துக்கு அலை எழும்பாது. ஆறு மாதம் கழித்துச் சோதனை வைத்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று, சோதனைக்கு உட்காருகிற ஆளின் உடம்பு. வயது ஏற ஏற பி300 தாமதமாகும். தூக்கம் கெட்டிருந்தால் சிறுத்துவிடும். நாள்பட்ட குடி, சில மனநோய்கள் இருந்தாலும் சிறுக்கும். விடிவதற்கு முன்னால் எழுந்து சோறாக்கி ஜீப் ஏறுகிற பெண்ணையும் அமெரிக்கக் கல்லூரி மாணவனையும் ஒரே அளவுகோலில் வைக்க என் கை வராது.

இதை ஏமாத்த முடியுமா?

முடிந்திருக்கிறது. ரோசன்ஃபெல்ட் குழுவே 2004-இல் அதைக் காட்டியது. சம்பந்தமில்லாத சொற்கள் வரும்போதெல்லாம் யாருக்கும் தெரியாமல் ஒரு விரலைத் தொடையில் அமுக்கு, ஷூவுக்குள் கால் கட்டைவிரலை ஆட்டு, யாரோ கன்னத்தில் அறைவதாகக் கற்பனை செய் என்று பழக்கினார்கள். இப்படிச் செய்ததும் அந்தச் சொற்களும் மூளைக்கு "முக்கியமானவை" ஆகிவிட்டன, எல்லாவற்றுக்கும் அலை எழும்பியது, வித்தியாசம் மறைந்தது. ஒரு பரிசோதனையில் பிடிபடுகிறவர்கள் 82 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக விழுந்தார்கள். பிறகு 2008-இல் அவர்களே இதற்கு ஈடு கொடுக்கிற புதிய முறையையும் கொண்டுவந்தார்கள், அது கொஞ்சம் தாங்குகிறது. என் திரையில் கால் விரல் ஆடுவது தெரியாது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஒண்ணும் செய்யாதவன் மாட்டிக்க வாய்ப்பு இருக்கா?

இருக்கிறது, நம் பக்கத்தில் ரொம்பவே இருக்கிறது.

அந்த ஜாக்கி லிவர் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஸ்டோரைத் திறந்த வாட்ச்மேன் பார்த்திருப்பார். அவர் கங்காணியிடம் சொல்வார். கங்காணி காய் எடுக்க வந்த பெண்களிடம் சொல்லாமல் இருப்பாரா? சாயங்காலம் ஜீப் கம்பம்மெட்டு வழியாகக் கீழே இறங்குகிறபோது மூட்டையின் நிறம், லிவர் கிடந்த இடம், முதலாளி யாரைத் திட்டினார் என்பது வரை புதுப்பட்டி டீக்கடைக்கு வந்து சேர்ந்துவிடும். மறுநாள் எவனாவது வாட்ஸ்அப்பில் உடைந்த பூட்டின் போட்டோவையும் போடுவான். இதற்குப் பிறகு அந்த ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் வயர் ஒட்டுங்கள், ஜாக்கி லிவருக்கு அலை எழும்பும். எனக்கே எழும்பும்.

இரண்டாவது கசிவு ஸ்டேஷனில். விசாரணை என்றால் நம்ம ஊரில் எப்படிக் கேட்பார்கள்? "டேய், ஜாக்கி லிவரை வச்சுத்தானே நெம்பினே, நீல மூட்டையை எங்கே போட்டே?" விவரம் அத்தனையும் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. இப்படி இரண்டு நாள் கேட்டுவிட்டு மூன்றாம் நாள் மூளை அலைச் சோதனைக்கு அனுப்பினால், திரையில் வருகிற மேடு திருட்டின் நினைவா, இன்ஸ்பெக்டர் கத்தியதன் நினைவா? பிரிக்க வழியில்லை. சோதனை நடத்துகிறவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், கருவி எத்தனை லட்சமாக இருந்தாலும், இந்த ஓட்டையை அடைக்க முடியாது, ஏனென்றால் அது வயருக்கு முன்னால் நடந்து முடிந்துவிட்ட விஷயம்.

மூன்றாவது, சாட்சி. ஒளிந்திருந்து பார்த்தவனுக்கும் செய்தவனுக்கும் ஒரே விவரம்தான் தெரியும். நாலாவது, அந்தச் சொல் வேறு காரணத்துக்காக நெஞ்சில் நிற்பது. ஜீப் டிரைவருக்கு ஜாக்கி லிவர் என்றால் தினம் கையில் பிடிக்கிற சாமான், அவருக்கு மற்ற நாலு சொல்லைவிட அது ஒட்டித்தான் வரும். இதைத் தடுக்க, குற்றத்துக்குச் சம்பந்தமே இல்லாத நாலு பேருக்கு முதலில் அதே சொற்களைக் காட்டி, ஏதாவது ஒன்று தானாகத் துருத்துகிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் செய்தார்களா என்பது அறிக்கையில் நான் முதலில் தேடுகிற வரி.

நாங்க தமிழ் மட்டும்தான் படிப்போம். கேரளா போலீஸ் மலையாளத்துல வச்சா?

வைக்கக்கூடாது. சொல் அரை நொடிக்குள் மறைந்துவிடும், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கு அதற்குள் பாதிதான் வந்திருக்கும். மலையாளம் சரளமாகப் பேசத் தெரியும், ஆனால் எழுத்து வராது என்கிறவர்கள் நம் தோட்டங்களில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். படிக்கவே தெரியாதவருக்குப் படம் காட்டலாம் அல்லது குரலில் சொல்லலாம். எந்த மொழியில், எந்த வடிவத்தில் நடந்தது என்பதை அறிக்கையில் எழுதச் சொல்லிக் கேட்கலாம், தப்பே இல்லை.

எஸ்டேட்ல இருக்கிற எல்லாருக்கும் வரிசையா டெஸ்ட் வச்சுட்டா திருடன் தானா மாட்டிடுவானே?

இது ஒரு முதலாளி என்னிடம் கேட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 பேர், அதில் ஒருவன் திருடன். சோதனை 100 நிரபராதிகளில் 5 பேரைத் தவறாகக் காட்டுகிறது என்று வையுங்கள், மருத்துவத்தில் அது மோசமான சோதனை இல்லை. அப்படியும் 10 பேர் சும்மா மாட்டுவார்கள். திருடனும் மாட்டினால் 11 பேர், அதில் 10 பேர் ஒன்றும் அறியாதவர்கள். அந்தப் பத்துப் பேருக்கு மறுநாள் வேலை கிடைக்குமா?

தவிர, வேலைக்கு வருகிறவர்களை இப்படிச் சோதிக்க முதலாளிக்கு எந்த அதிகாரமும் இல்லை.

இந்தியாவுல இதை வச்சு யாருக்காவது தண்டனை கொடுத்திருக்காங்களா?

கொடுத்திருக்கிறார்கள், உலகமே திரும்பிப் பார்த்தது. 2008 ஜூனில் புனே செஷன்ஸ் நீதிமன்றம் ஒரு விஷக் கொலை வழக்கில் ஒரு இளம் பெண்ணுக்கும் அவர் துணைவருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. ஆதாரங்களில் ஒன்று மூளை அலைச் சோதனை. அது நான் மேலே சொன்ன பி300 முறை அல்ல, பியோஸ் என்று இங்கேயே உருவான இன்னொன்று. பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் மருத்துவ உளவியல் துறையில் இருந்த சி.ஆர். முகுந்தன் உருவாக்கியது. காந்திநகர், மும்பை தடயவியல் கூடங்களில் பயன்பட்டது.

அதில் ஆள் பட்டன் எதுவும் அமுக்க வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம். கண்ணை மூடி உட்கார வைத்து, 30-க்கு மேற்பட்ட மின்முனைகளை ஒட்டி, "நான் விஷம் வாங்கினேன்", "நான் அவனைச் சந்தித்தேன்" என்கிற மாதிரி சின்னச் சின்ன வாக்கியங்களைக் காதில் போடுவார்கள். வெறுமனே கேள்விப்பட்டதையும், தானே செய்து அனுபவித்ததையும் இந்த முறை பிரித்துக் காட்டும் என்பது அதன் வாதம். உண்மையானால் நான் மேலே சொன்ன கசிவுப் பிரச்சினை அத்தனையும் தீர்ந்துவிடும், அதனால்தான் இந்த வாதத்தை ரொம்ப ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும். நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையில் மத்திய அரசு அமைத்த குழு 2008-இல் பார்த்துவிட்டு, இது அறிவியல்பூர்வமாக நிறுவப்படவில்லை, நீதிமன்றத்தில் ஆதாரமாக வைக்கக்கூடாது என்று சொன்னது. உருவாக்கியவர் வேலை செய்த அதே நிறுவனத்தின் தலைவர் சொன்னது என்பதைக் கவனியுங்கள். அந்தப் பெண்ணுக்கு மும்பை உயர்நீதிமன்றம் பிறகு ஜாமீன் கொடுத்தது.

அதற்காகச் சோதனை நின்றுவிடவில்லை. 2020-இல் உத்தரப் பிரதேசத்தில் நடந்த ஹாத்ரஸ் பாலியல் வன்கொடுமைக் கொலை வழக்கில்கூட சி.பி.ஐ. குற்றம் சாட்டப்பட்டவர்களைக் காந்திநகருக்குக் கூட்டிப்போய் இதைச் செய்தது.

அமெரிக்காவுல ஒருத்தரை இதுதான் விடுதலை பண்ணுச்சாமே?

யூடியூப்பில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஐயோவா மாநிலத்து ஹாரிங்டன் வழக்கு. 1978-இல் கொலைக்குற்றத்தில் ஆயுள் தண்டனை வாங்கியவர். ஃபார்வெல் 2000-இல் அவருக்குச் சோதனை வைத்து, கொலை நடந்த இடத்து விவரம் அவர் மூளையில் இல்லை என்றார். கீழ் நீதிமன்றம் அதைக் கேட்டுக்கொண்டது, ஆனாலும் மறுவிசாரணை கொடுக்கவில்லை. 2003-இல் ஐயோவா உச்ச நீதிமன்றம்தான் தண்டனையை ரத்து செய்தது, காரணம் வேறு: வேறொரு சந்தேக ஆளைப் பற்றிய போலீஸ் அறிக்கைகளை எதிர்த்தரப்புக்குத் தராமல் மறைத்திருந்தார்கள். மூளை அலையைப் பற்றி முடிவு சொல்லத் தேவையில்லை என்று விட்டுவிட்டது. இருபத்தைந்து வருஷச் சிறையை முடித்து வைத்தது காகிதக் கட்டு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2001-இல் விசாரித்தபோது எஃப்.பி.ஐ., சி.ஐ.ஏ. இரண்டுமே இதைப் பயன்படுத்தும் எண்ணமில்லை என்றுதான் சொல்லியிருந்தன.

நம்ம கோர்ட் இதை ஒத்துக்குமா?

2010 மே 5-ஆம் தேதி, செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கு. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் அமர்வு (வைக்கம் பக்கத்துத் தலயோலப்பறம்புக்காரர், நம்ம மலைக்கு அந்தப் பக்கத்து ஆள்). நார்கோ, பாலிகிராப், மூளை அலை மூன்றையும் சேர்த்துச் சொன்னார்கள்: சம்மதம் இல்லாமல் யாருக்கும் வைக்கக்கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிற அரசியலமைப்பின் 20(3), தனிமனித சுதந்திரத்துக்கான 21 ஆகிய பிரிவுகளின்படி.

சம்மதித்து உட்கார்ந்தாலும் சோதனை முடிவு மட்டுமே ஆதாரம் ஆகாது. ஆனால் ஒரு இடம் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் சம்மதித்து நடந்த சோதனையின் உதவியால் பிறகு ஒரு பொருளோ தகவலோ கிடைத்தால், அது ஆதாரமாக உள்ளே வரலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் 27-ஆவது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் 23-ஆவது பிரிவுக்குள் போய்விட்டது. ஆகவே "எப்படியும் செல்லாது, சும்மா கையெழுத்துப் போடு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மாட்டேன்னு சொன்னா நான்தான் செஞ்சேன்னு ஆகிடாதா?

சட்டப்படி ஆகாது. மறுப்பது உங்கள் உரிமை, மறுத்ததை வைத்துத் தண்டிக்க முடியாது. ஊர் என்ன பேசும் என்பது வேறு, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வலிக்குமா? உங்க ஆஸ்பத்திரியில எடுப்பீங்களா?

வலிக்காது, ஷாக் எதுவும் கொடுப்பதில்லை. பசை மாதிரி ஜெல் வைத்து ஒட்டுவோம், கழுவினால் போய்விடும். முந்தின நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வர வேண்டும். இதைச் சொல்லியும் தேங்காய் எண்ணெய் வடிய வடிய வந்து நிற்பவர்கள்தான் அதிகம், அப்புறம் பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்துத் தேய்த்தே எனக்குக் கை போய்விடுகிறது. மருத்துவமனைகளில் எடுப்பது நோய்க்கான இ.இ.ஜி. மட்டும். "என் பொண்டாட்டி பொய் சொல்றாளான்னு பாருங்க" என்று வந்த ஆளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், இனியும் அனுப்புவேன்.

ஆன்லைன்ல ஏழாயிரம் எட்டாயிரத்துக்கு மூளை அலைப் பட்டை விக்குதே?

நெற்றியில் ஒன்றிரண்டு மின்முனை, அதில் வருவது பெரும்பாலும் கண் சிமிட்டலும் நெற்றிச் சுருக்கமும். தியானம் பழக வைத்துக்கொள்ளுங்கள், யார் மேலும் பழி போட வேண்டாம்.

சரி, நாளைக்கே ஸ்டேஷன்ல சம்மதக் கையெழுத்து கேக்குறாங்கன்னா என்ன பண்றது?

ஸ்டேஷனில் போடுகிற கையெழுத்து போதாது. பாலிகிராப்புக்காகத் தேசிய மனித உரிமை ஆணையம் 2000-இல் வெளியிட்ட வழிகாட்டு விதிகளையே இதற்கும் பின்பற்றச் சொல்கிறது செல்வி தீர்ப்பு. அதன்படி, சம்மதம் கேட்கும்போது வக்கீலைப் பார்க்க விட வேண்டும், சோதனையின் உடல், மன, சட்ட விளைவுகளை உங்கள் வக்கீலும் போலீசும் விளக்க வேண்டும், சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன்னால்தான் பதிவு செய்ய வேண்டும், சோதனையை மருத்துவமனை மாதிரி ஒரு தனி அமைப்பு வக்கீல் இருக்கும்போது நடத்த வேண்டும். நீங்கள் அதில் சொல்வது போலீசிடம் சொன்ன வாக்குமூலம் மாதிரிதான், மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த ஒப்புதல் அல்ல, அதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

மாஜிஸ்திரேட் முன்னால் நிற்கும்போது, இதுவரை விசாரணையில் போலீஸ் உங்களிடம் என்னென்ன விவரம் சொல்லிக் கேட்டார்கள் என்பதையும் பதிவு செய்யச் சொல்லுங்கள்: ஜாக்கி லிவர் என்று சொன்னார்களா, மூட்டை நிறம் சொன்னார்களா, போட்டோ காட்டினார்களா, எந்தத் தேதியில். வக்கீலுக்குக் காசில்லை என்றால் 15100-க்கு போன் போடுங்கள், இலவச சட்ட உதவி எண், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அதே எண்தான். பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். வழக்கு எந்த மாநிலத்து ஸ்டேஷனில் பதிவாகியிருக்கிறதோ அந்தப் பக்கத்து நீதிமன்றத்தில்தான் வக்கீல் வேண்டும், கம்பத்து ஆள் என்பதால் உத்தமபாளையத்தில் போய் நிற்காதீர்கள், குமுளி ஸ்டேஷன் வழக்கென்றால் பீர்மேடு பக்கம் விசாரியுங்கள்.